உயர்ந்த ரீலின் விலையை வாசிப்பது எப்படி

உடுமலை ஒட்டுக்குளத்துக் கரையில் விடிகாலையில் விராலுக்குத் தவளை வீசிக்கொண்டிருக்கிற பையன்கள் என்னிடம் மீனைப் பற்றிக் கேட்பது குறைவு. "ஏனுங்ண்ணா, ஸ்டெல்லா வாங்கலாமா, சால்டிகா வாங்கலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டுமே ஜப்பான் ரீல்கள். ஸ்டெல்லா ஷிமானோவின் உச்சி, சால்டிகா டைவாவின் கடல் ரீல்களில் உச்சி. அமெரிக்காவில் சிறிய ஸ்டெல்லாவே 800 டாலருக்கு மேல். நம் பணத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம்.

கேட்கிற பையனிடம் ஆசைப்படாதே என்று நான் சொல்வதில்லை. நல்ல கருவி மேல் வரும் ஆசை மரியாதையான ஆசை. ஆனால் அந்த விலை எப்படி உருவானது, கம்பெனிகள் எந்தப் படியில் விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன, எந்தப் படியில் அடித்துக்கொள்கின்றன என்று தெரிந்தபிறகு வாங்கு என்கிறேன். விலைப்போட்டி நடக்கிற இடத்தில் நின்று வாங்கினால் பாதி பணத்தில் முக்கால்வாசி ரீல் கிடைத்துவிடும். அந்த இடத்தைக் காட்டுவதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்கள் கோனைப் பார்த்திருப்பீர்கள். கோன் அசையாமல் நிற்கும், நூல் மட்டும் அதன் முனை வழியாக உருவிக்கொண்டு போகும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே நெசவாலைத் தொழிலில் இருந்த இல்லிங்வொர்த் என்பவர் 1905இல் இதே தத்துவத்தில் ஒரு தூண்டில் ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பிருந்த பெரும்பாலான ரீல்களில் சுருளும் நூலோடு சேர்ந்து சுற்ற வேண்டும். லேசான இரையை வீசினால் சுருளைச் சுற்றவைக்கிற வலு அதற்கு இருக்காது. இவருடைய ரீலில் சுருள் நின்ற இடத்தில் நிற்கும், நூல் மட்டும் பறக்கும். இன்று நாம் கையில் பிடித்திருக்கிற ஸ்பின்னிங் ரீலின் தலைமுறை அங்கே தொடங்குகிறது. பஞ்சும் நூலுமாக வாழ்கிற உடுமலைக்கு இது அந்நியப் பொருள் அல்ல.

அதற்குப்பின் ரீல் தொழிலுக்குள் நுழைந்தவர்கள் பலரும் நுண்வேலைக்காரர்கள். ஸ்வீடனின் ஸ்வெங்ஸ்டா என்ற சிற்றூரில் 1921இல் தொடங்கிய கடிகாரத் தொழிற்சாலைதான் பின்னாளில் அபு ஆனது. பிரான்ஸின் மிட்செல் ரீல் பிறந்த க்ளூஸ் ஊரும் கடிகார உறுப்புகள் செய்கிற ஊர். அதே 1921இல் ஜப்பானின் சகாய் நகரில் ஷிமானோ ஒரு சிறு இரும்புப் பட்டறையாகத் தொடங்கியது. அவர்களுடைய முதல் சரக்கு சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் போடுகிற ஃப்ரீவீல். தூண்டில் பக்கம் வந்தது 1970இல்தான். ஜப்பானின் இன்னொரு கம்பெனியான டைவா 1950களிலிருந்தே ரீல் செய்துவந்தது.

இந்த ஜப்பான்காரர்கள் உள்ளே வந்ததும் ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்களுக்குச் சிக்கல் ஆரம்பித்தது. அபுவோ மிட்செலோ மோசமான ரீல் செய்து தோற்கவில்லை. அவர்களுடைய பழைய ரீல்கள் இன்றும் ஓடுகின்றன. ஏறக்குறைய அதே தரத்தை ஜப்பான்காரர்கள் குறைந்த விலைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ஷிமானோ 1973லேயே சிங்கப்பூரில் கம்பெனி போட்டு, பின்னர் மலேசியாவுக்கும் போனது. இன்று அபு கார்சியா, மிட்செல், ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த பென், இங்கிலாந்தின் ஹார்டி எல்லாம் ப்யூர் ஃபிஷிங் என்ற ஒரே அமெரிக்கக் கூடைக்குள் இருக்கின்றன. உச்சி விலையில் நேருக்கு நேர் நிற்பவர்கள் பெரும்பாலும் ஷிமானோவும் டைவாவும்தான்.

இனி இந்த அத்தியாயத்தின் நடுக்கருத்துக்கு வருகிறேன்.

அந்த உச்சியில் விலைப்போட்டி கிடையாது. ஸ்டெல்லா 1992இலிருந்து வருகிறது. புதிய ஸ்டெல்லா 2010, 2014, 2018, 2022 என்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வந்தது. டைவாவின் நன்னீர் உச்சியான எக்சிஸ்ட்டும் அதே 2018லும் 2022லும் புதுப்பிறவி எடுத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே அடியெடுத்து வைக்கிறார்கள், ஆனால் ஒருவர் விலையைக் குறைத்தார் என்பதற்காக மற்றவர் குறைப்பதில்லை. உச்சி ரீல் என்பது அவர்களுக்குக் கொடிமரம். விலையை இறக்கினால் கொடி இறங்கிய மாதிரி. அதனால் அங்கே போட்டியெல்லாம் எடை, வழவழப்பு, நீர் புகாத அடைப்பு, சத்தமின்மை ஆகியவற்றில்.

விலையில் அடித்துக்கொள்வது அதற்குக் கீழே இரண்டாவது மூன்றாவது படியில். அங்கே வாங்குகிறவர்கள் கூட்டம் பெரிது, 20 டாலர் வித்தியாசத்துக்கே ஆள் மாறிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தைப் பிடிக்கக் கம்பெனியின் கையில் இருக்கிற ஆயுதம் ஒன்றுதான்: உச்சி ரீலில் வைத்த சங்கதியை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குவது.

டைவாவைப் பாருங்கள். ரீலின் உடம்பை இரண்டு துண்டாகச் செய்து திருகு போட்டு மூடாமல், ஒரே துண்டாகச் செய்து பக்கத்தில் வட்ட மூடியைத் திருகி அடைக்கிற முறைக்கு மோனோகாக் என்று பெயர். உள்ளே இடம் அதிகம், அதனால் பெரிய கியர் வைக்கலாம். அது 2018இல் எக்சிஸ்ட்டில் வந்தது. 2019இல் அடுத்த படியான செர்டேட்டுக்கு வந்தது. 2021 வாக்கில் பி.ஜி. எம்.க்யூ. என்ற சாதாரண மனிதர் வாங்கும் கடல் ரீலுக்கே வந்துவிட்டது. உச்சியிலிருந்து தரைக்கு மூன்று வருஷம். ஷிமானோவில் இன்னும் வேகம். நுண்ணிய பற்கள் கொண்ட மைக்ரோமாட்யூல் கியரின் இரண்டாம் தலைமுறை 2018 ஸ்டெல்லாவில் வந்தது. அடுத்த வருஷமே கீழ்ப்படி ரீலான ஸ்ட்ராடிக்கில் இருந்தது. அந்த ஸ்ட்ராடிக் அமெரிக்காவில் 200 டாலரிலிருந்து தொடங்கியது.

இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்டெல்லாவின் கைப்பிடியைச் சுற்றிவிட்டு ஸ்ட்ராடிக்கைச் சுற்றினால் விரலுக்குத் தெரியும். உடம்பின் உலோகம் வேறு, பாகங்களைப் பொருத்துவதில் எடுத்துக்கொள்ளும் சிரத்தை வேறு. அந்த வித்தியாசத்துக்கு மூன்று நான்கு மடங்கு பணம் தருவது உங்கள் மீனுக்கு அவசியமா என்பதுதான் கேள்வி. ஒட்டுக்குளத்து விராலுக்கும், பெரியகுளத்துக் கட்லாவுக்கும், அமராவதியில் கொழுத்துக் கிடக்கிற ஜிலேபிக்கும் அவசியமில்லை. மனதறிந்து சொல்கிறேன்.

எனக்கு இந்த அறிவு இலவசமாக வரவில்லை. பல வருஷங்களுக்கு முன் ஆன்லைனில் ஒரு ரீல் பார்த்தேன். விலை ஆயிரத்துச் சொச்சம். பெட்டியில் '13+1 பேரிங்' என்று தங்க எழுத்து. ஸ்ட்ராடிக்கிலேயே 6+1தான், இதில் இரண்டு மடங்கு இருக்கிறதே என்று வாங்கிவிட்டேன். வீட்டுத் திண்ணையில் சுற்றிப் பார்த்தபோது வெண்ணெய் மாதிரி சுற்றியது. இரண்டு மாதம் கழித்து ஒரு மழைக்காலக் காலையில் ஆகாயத்தாமரை ஓரமாக வீசிய தவளையை நல்ல விரால் ஒன்று வாரிக்கொண்டு போனது. கொக்கியைக் குத்தவைக்க ராடைத் தூக்கி, கைப்பிடியைச் சுற்றினேன். 'கறக்' என்று ஒரு சத்தம். அப்புறம் கைப்பிடி சும்மா சுற்றியது, நூல் உள்ளே வரவில்லை. கையால் நூலை இழுத்தேன், விரல் அறுபட்டதுதான் மிச்சம். மீன் செடிக்குள் போய்விட்டது.

ரீலை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கிறவரிடம் போனேன். மூடியைக் கழற்றி, கிரீஸை வழித்துவிட்டு, மெயின் கியரை வெளிச்சத்தில் பிடித்தார். நாலைந்து பற்கள் அடியோடு போயிருந்தன. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் உப்புக்கல் மாதிரி பொரபொரவென்று இருந்தது. "ஏனுங்க, இது துத்தநாக வார்ப்புங்க. அச்சுல ஊத்தி எடுத்தது. இத்தன மெல்லிசா வார்த்தா பல்லு எப்படிங்க தாங்கும்? பேரிங்கெல்லாம் வெறுங்கையில சுத்தறதுக்குத்தானுங்க. மீனை இழுக்கறது கியருங்க" என்றார். எத்தனையோ விளம்பரம் படித்திருக்கிறேன், அந்த மூன்று நிமிஷத்தில் கற்றதை எதிலும் கற்கவில்லை.

கொங்கு நாட்டு விவசாயிக்கு மோட்டார் வாங்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கோவையில் எத்தனை கம்பெனி பம்ப்செட், எத்தனை விலை! ஒரே ஹெச்.பி., ஒரே உயரம், ஆனால் விலையில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம். உடனே நாம் கேட்பது, "காப்பர் வைண்டிங்கா?" ஏனென்றால் விலையை எங்கே குறைத்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். ரீலிலும் அப்படியே கேளுங்கள். வெளியே பளபளக்கும் ஸ்பூலையும் பேரிங் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, மெயின் கியர் எந்த உலோகம், வார்த்ததா, அழுத்தி அடித்துச் செய்ததா, கடைந்ததா என்று கேளுங்கள். ஷிமானோ ஹகானே கியர் என்று சொல்வது குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கியது. அடுத்து, உடம்பு உலோகமா பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் என்றால் கார்பன் கலந்ததா? மூன்றாவது, டிராக் வாஷர் கார்பனா, ஃபெல்ட் துணியா? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வராத ரீலை, விலை எவ்வளவு குறைவானாலும், எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

டிராக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரிங் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக எண்களை ஊதிக் காட்டுவது இங்கேதான். மீன் பலமாக இழுக்கும்போது நூல் அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது டிராக். பெட்டியில் 15 கிலோ, 20 கிலோ என்று போட்டிருப்பார்கள். அது ஸ்க்ரூவைக் கடைசி வரை இறுக்கினால் எந்த எடைக்கு மேல் வழுக்கும் என்ற கணக்கு. அந்த இறுக்கத்தில் யாரும் மீன் பிடிப்பதில்லை. நூலின் பலத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பதுதான் வழக்கம். 30 பவுண்ட் பிரெய்டு நூல் என்றால் ஏறக்குறைய 13.6 கிலோ பலம். அதற்கு 4 கிலோ டிராக் தாராளம். செடிக்குள்ளிருந்து விராலை வெளியே இழுக்கக் கூடுதலாக இறுக்கலாம், அப்போதும் பெட்டி எண் தேவைப்படாது. கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. பையில் ஒரு சின்ன கொக்கித் தராசு கொண்டுபோங்கள். ஸ்பூலில் நூலைச் சுற்றி முனையைத் தராசில் மாட்டி, டிராக்கை 3 கிலோவுக்கு வைத்து மெதுவாக இழுங்கள். தராசின் முள் 3இலேயே நிற்க, நூல் ஒரே சீராக வந்தால் நல்ல டிராக். முள் 4க்குப் போய், சடக்கென்று 2க்கு விழுந்து, மறுபடி ஏறினால் வேண்டாம். அந்த சடக்கில்தான் நூல் அறும். உச்சி ரீலுக்கு நீங்கள் தரும் பணத்தில் ஒரு பங்கு இந்தச் சீர்மைக்குப் போகிறது. இந்தச் சீர்மையில் முக்கால்வாசி இரண்டாம் படியிலேயே கிடைக்கும்.

சரி, உச்சி ரீல் யாருக்கு வேண்டும்? கடலுக்குப் போகிறவருக்கு. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் படகில் பாறை மீனுக்கும் சீலாவுக்கும் போகிறவர் நல்ல நடுத்தர ரீலோடு சமாளிக்கலாம். அந்தமானில் பெரும்பாறை மீனுக்குப் பாப்பர் இரை வீசப் போகிறவருக்கு நான் தயங்காமல் ஸ்டெல்லா எஸ்.டபிள்யூ. அல்லது சால்டிகா சொல்வேன். 30, 40 கிலோ மீன் கடலடிப் பாறைக்குள் ஓடும்போது டிராக் சூடேறும், ரீலின் உடம்பு முறுக்கேறும், உப்புத் தண்ணீர் ஒவ்வொரு இடுக்கிலும் புகப் பார்க்கும். பயணத்துக்கும் படகுக்கும் அவ்வளவு செலவழித்துவிட்டு இரண்டாம் நாள் ரீல் இறுகிப்போனால் அந்தப் பணமெல்லாம் தண்ணீரில். வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர் வாடகைக்குத் தருகிற வழிகாட்டியிடம் எடுத்துக்கொள்வது இன்னும் புத்திசாலித்தனம்.

அடுத்து, எப்போது வாங்குவது? புதிய தலைமுறை வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் கடைக்காரர்கள் பழையதைத் தள்ளிவிடத் தொடங்குவார்கள். அமெரிக்காவில் கடை விளம்பரத்தில் காட்டக்கூடிய குறைந்தபட்ச விலையைக் கம்பெனியே விதிக்கிற பழக்கம் தூண்டில் வியாபாரத்தில் உண்டு. அதனால் அங்கே எந்தக் கடையைப் பார்த்தாலும் ஒரே விலையாகத் தெரியும், தள்ளுபடி இலவச நூலாக மறைந்து வரும். புது மாடல் வந்ததும் பழையதன் மேலிருந்து அந்தக் கட்டு அவிழும், விலை நிஜமாகவே விழும். நம் நாட்டில் கம்பெனி அப்படி டீலரின் கையைக் கட்டினால் போட்டி ஆணையம் கேட்கும். தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக மாருதிக்கே 2021இல் 200 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். ஆகவே கோவையிலோ சென்னையிலோ கடையில் நின்று விலை பேசுவதற்குக் கூச்சப்படாதீர்கள். கேட்டால் குறைப்பார்கள். ரொக்கத்தில் குறைக்காதவர் ஒரு சுருள் பிரெய்டையாவது சேர்த்துத் தருவார்.

என் கணக்கு இது: உச்சியிலிருந்து ஒன்றோ இரண்டோ படி கீழே, புது மாடல் வந்த அடுத்த ஆறு மாதத்துக்குள் பழைய மாடல். 2022இல் புது ஸ்டெல்லா வந்தபோது 2018 ஸ்டெல்லாவைத் தேடியவர்களும், 2023இல் ஸ்ட்ராடிக் மாறியபோது முந்தைய ஸ்ட்ராடிக்கை எடுத்தவர்களும் நல்ல பேரம் பேசினார்கள்.

வரியையும் போட்டுப் பாருங்கள். இந்த ரீல்கள் எல்லாம் இறக்குமதி. தூண்டில் சாமான்களின் சுங்க வரி 2018 பட்ஜெட்டில் 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது, அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி, ஆக மொத்தம் 22. ஜி.எஸ்.டி. 12 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. 20,000 ரூபாய்க்கு வந்திறங்கும் ஒரு ரீலுக்கு 22 சதவீதம் சுங்கம் சேர்ந்தால் 24,400. பழைய ஜி.எஸ்.டி.யில் அது 27,328 ஆகும், புதியதில் 25,620. வித்தியாசம் 1,708 ரூபாய். ஒரு நல்ல பிரெய்டு சுருளின் விலை. அந்தக் குறைவு உங்களுக்கு வந்து சேர்ந்ததா, நடுவிலேயே நின்றுவிட்டதா என்று பில்லைப் பார்த்தால் தெரியும். பில் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைக்கிற பழக்கமும் இப்போது பெருகியிருக்கிறது. 2024 ஜூலையில் டாலருக்கு 160 யென்னைத் தாண்டி ஜப்பான் பணம் சரிந்திருந்ததால் அங்கே வாங்குவது மலிவாகத் தெரிந்தது. உண்மைதான், மலிவுதான். ஆனால் அந்த ரீலுக்கு இங்கே உத்தரவாதம் எதிர்பார்க்க முடியாது, உதிரி பாகத்துக்கு மறுபடி ஜப்பானுக்கே எழுத வேண்டும். இங்கே முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், வருஷம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியைக் கடைக்காரர் இந்திய உத்தரவாதம் என்று நீட்டினால் நம்பாதீர்கள். நானாக இருந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: "பெயில் ஸ்பிரிங் உடைஞ்சா எத்தனை நாள்ல வரும்?" ஒரு வாரம் என்கிறவரிடம் 1,000 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கலாம். பார்த்துச் சொல்றேன் என்கிறவரிடம் வாங்கும் ரீல் ஒரு பருவத்தோடு பரணுக்குப் போய்விடும்.

வாங்கியபின் வீசும் இடத்தையும் கவனியுங்கள். உடுமலைப் பக்கத்து ஒட்டுக்குளம், பெரியகுளம் முதலான ஏழு குளங்களில் மீன் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டே வீசுங்கள். அமராவதி அணை மீன் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கையில் இருக்கிறது, அவர்கள் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். அங்கே முதலைகளும் உண்டு, தண்ணீர் விளிம்பில் உட்கார்ந்து மீன் கழுவவே கூடாது. மேலே காட்டுக்குள் ஓடுகிற ஆறுகள் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன, அங்கே தூண்டிலோடு போகாதீர்கள்.

பழைய ரீல் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். உச்சி ரீல்கள் விலை இறங்குவது மெதுவாகத்தான், ஆனாலும் நல்ல கையில் இருந்த பழைய ஸ்டெல்லா இரண்டாம் படிப் புது ரீலின் விலைக்கே சில சமயம் கிடைக்கும். வாங்குமுன் கைப்பிடியை மெல்ல, மிக மெல்லப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். உடனே நிற்க வேண்டும், ஆடக்கூடாது. லைன் ரோலரை நகத்தால் சுற்றுங்கள். மணல் கரகரப்பு கேட்டால் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பிறகு விற்கிறவர் ரீலை எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். டிராக்கை முழுக்க இறுக்கியே பெட்டியில் போட்டிருந்தால் வாஷர்கள் அழுந்திப்போயிருக்கும், அவற்றின் விலையைக் கழித்துக் கேளுங்கள். தளர்த்தி, துடைத்து, பையில் போட்டு வைத்திருந்தால் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.